பக்கத்து இருக்கையில் ஒரு டர்போ

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். அடுத்தவர் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிட்டால் கொஞ்சம் மரியாதையாவது மிஞ்சும். எந்தப் பக்கம் போய் ஆக்சிலேட்டரை அமுக்கினாலும் சற்று நேரத்தில் கடல் வந்துவிடுகிற ஊரில், ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியவன் நான். வாங்கியது போதாதென்று, இன்னும் வேகம் வேண்டும் என்று அதற்கு ஒரு டர்போவும் மாட்டினேன். டர்போ என்பது வேறொன்றுமில்லை. எஞ்சின் வெளியே தள்ளுகிற புகையின் விசையில் ஒரு சின்னக் காற்றாடியைச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியைக் கொண்டே எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கிற இரும்புச் சாமான். பார்க்க நத்தை மாதிரி இருக்கும். வேகத்துக்காக வாங்குகிற பொருள் நத்தை வடிவத்தில் இருந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

போர்ட் பிளேருக்கு இப்போது பெயர் மாறிவிட்டது. ரோடு மாறவில்லை. ஜங்லிகாட்டில் எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வருவதற்குள் ஸ்கூட்டர், ஆட்டோ, மீன் கூடை, தண்ணீர் லாரி என்று எல்லோருக்கும் வழிவிட்டாக வேண்டும். வடக்கே போகிற நெடுஞ்சாலையிலோ பழங்குடியினர் காட்டு வாசலில் வண்டிகளை வரிசையாக நிறுத்திவிடுவார்கள். கேட் திறந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக, முந்தாமல், நிற்காமல் போக வேண்டும். அந்த வரிசையில் என் ஸ்போர்ட்ஸ் கார் ஒருமுறை சிமெண்ட் லாரிக்குப் பின்னால் போனது. லாரியின் பின்பக்கத்தில் எழுதியிருந்த அத்தனையும் எனக்கு மனப்பாடம்.

"அண்ணே, இந்த ரோட்டுல இத வச்சுக்கிட்டு க்யா கரேகா, என்ன பண்ணப் போறீங்க?" என்று என் ஆபீஸ் நண்பன் கேட்டான். நான் வேலை பார்ப்பது தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலின் டிக்கெட் கவுண்டரில். அவன் பக்கத்துக் கவுண்டர்.

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது, அதில் இன்றுவரை நான் உறுதியாக நிற்கிறேன். நான் நாள் முழுக்கக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு மற்றவர்களைக் காத்திருக்கச் சொல்கிறவன். ஹேவ்லாக் போகிற டூரிஸ்டிடம், "கடல் கரடுமுரடா இருக்கு, வெயிட் கரோ." நிக்கோபாருக்குப் பிணம் பார்க்கப் போகிறவரிடமும் அதே வார்த்தைதான். கவுண்டரை மூடிவிட்டு வெளியே வந்தால் என் முறை தொடங்கும். வெங்காயத்துக்குக் கப்பல் வரவேண்டும். கேஸுக்குக் கப்பல் வரவேண்டும். மெயின்லேண்டில் அக்கா வீட்டுக் கல்யாணத்துக்குப் போக டிக்கெட் வரவேண்டும், அது வரும்போது கல்யாணப் பெண்ணுக்கு வளைகாப்பு முடிந்திருக்கும். இப்படி வாழ்கிற ஒருவனுக்கு, அமுக்கிய அடுத்த நொடியே கேட்டதைக் கொடுக்கிற ஒரு பொருளாவது வாழ்க்கையில் வேண்டும் என்று தோன்றாதா? எனக்குத் தோன்றியது. அந்தப் பொருள் மஞ்சள் நிறத்தில், இரண்டே கதவுகளோடு, இரண்டே இருக்கைகளோடு சென்னையில் ஒரு ஷெட்டில் நின்றிருந்தது. அதையும் சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டுக் காத்திருந்துதான் வாங்கினேன் என்பது வேறு விஷயம்.

வண்டி வந்து இறங்கிய அன்று தெருவே கூடி வந்து பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறவர். அதன் நிறத்தைப் பார்த்துவிட்டு, "நம்ம தொழிலுக்கு வந்துட்டீங்களா" என்றார். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டது ஒன்றுதான்: "நம்பர் என்னா, மெயின்லேண்ட் நம்பரா?"

"ஆமா. வருஷத்துக்குள்ள இங்க மாத்திக்கலாம்."

"மாத்துங்க. அந்தமான் நம்பர் போட்டு, பேப்பர் எல்லாம் சரியாகட்டும். அதுவரைக்கும் என்னால இதுல ஏற ஏலாது."

அவள் நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் பிறந்தவள். அவளுடைய அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, உங்கள் காகிதம் சரியில்லை என்று சொல்லப்பட்டுக் கிளம்பியவர்கள். இங்கே அவர்களை ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்கள். பேப்பர் விஷயத்தில் அவள் வீட்டில் யாரும் விளையாடுவதில்லை. பால் கார்டைக்கூட லேமினேட் செய்து வைத்திருக்கிறாள். அவளோடு அந்த வண்டியில் சிப்பிகாட்டில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்குப் போய் இறங்க வேண்டும், மைத்துனர் வாயைப் பிளக்க வேண்டும் என்பது என் கனவு. அதற்கு நம்பர் வேண்டும். நம்பருக்கு வண்டி சோதனையில் தேற வேண்டும். எவ்வளவு நேரான பாதை பாருங்கள். அதை நான் எப்படி வளைத்தேன் என்பதுதான் மிச்சக் கதை.

சோதனைக்குப் போவதற்கு முன் டர்போ மாட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். மாட்டியதையும் சேர்த்தே பாஸ் பண்ணிவிடுவார்கள் என்று என் கணக்கு. அதற்கு நான் பிடித்த ஆள் ஜங்லிகாட்டிலேயே பட்டறை வைத்திருக்கும் ஒரு தெலுங்குக்காரர். மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பார்ப்பவர். டீசல் படகு எஞ்சினில் டர்போவைப் பார்த்திருக்கிறார், கழற்றியிருக்கிறார், திரும்ப மாட்டியும் இருக்கிறார். காரில் மாட்டியதில்லை. "அண்ணா, டென்ஷன் மத் லோ, கவலையே வேணாம். எஞ்சின் எஞ்சின்தான். தண்ணில போனா என்ன, ரோட்டுல போனா என்ன" என்றார். எனக்கு அது பெரிய தத்துவமாகப் பட்டது. இருவரும் சேர்ந்து போனில் வீடியோக்கள் பார்த்தோம். வீடியோவில் பேசியவன் ரஷ்யனோ யாரோ, ஒரு வார்த்தை புரியவில்லை. கை அசைவை வைத்துப் புரிந்துகொண்டோம். அவர் ஒருவிதமாகவும் நான் வேறுவிதமாகவும் புரிந்துகொண்டோம்.

விசாகப்பட்டினத்தில் உடைத்த ஒரு காரிலிருந்து டர்போ வந்தது. அதைப் பொருத்த எஞ்சினின் புகைக்குழாயை வெட்டி ஒட்டினார். அப்படி வெட்டும்போது குழாயின் நடுவே பருத்த இரும்பு டப்பா ஒன்று குறுக்கே இருந்தது. புகையிலுள்ள விஷத்தை எரித்துச் சுத்தம் செய்கிற டப்பா அது. உள்ளே தேன்கூடு மாதிரி நுண்ணிய ஓட்டைகள். கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்பார்கள்.

"இது எதுக்கு அண்ணா?"

"புகைக்குன்னு நினைக்கிறேன்."

"படகுக்கு இதெல்லாம் கிடையாது" என்றபடி அறுத்துக் கீழே போட்டார். படகின் புகையை யார் சோதித்தார்கள், கடலில் யார் நின்று குழாய்க்குள் கருவியை விடப் போகிறார்கள். அவர் வேலை செய்த உலகத்தில் புகை என்பது காற்றில் கலந்து பங்களாதேஷ் பக்கம் போய்விடும். காரும் அவர் கையில் படகாகிவிட்டது. பின்பக்கம் நேராக ஒரு தடித்த குழாய், உப்புக்காற்றுக்குத் தாங்கட்டும் என்று படகுக்கு அடிக்கிற பெயிண்ட். நட்டுகளுக்குப் படகு கிரீஸ். நான் தலையாட்டிக்கொண்டு நின்றேன். அறுத்துப் போட்ட டப்பாவை, எதற்கும் இருக்கட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து கொல்லையில் போட்டேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான், அதையும் தெரியாமல்தான் செய்தேன்.

முதல் நாள் ஓட்டினேன். அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. பிறகு, நான் எதற்காக அமுக்கினேன் என்பதே மறந்துபோன நேரத்தில், உள்ளே ஏதோ விசில் அடித்து வண்டி சட்டென்று பாய்ந்தது. எதிரே வளைவு. அந்தப் பக்கம் கடல். பிரேக். டர்போவுக்கும் காத்திருக்கத்தான் வேண்டும் என்று பட்டறைக்காரர் அப்புறம் சொன்னார், புகை சேர்ந்து காற்றாடி வேகமெடுக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்குமாம். காத்திருக்க முடியாமல் வாங்கிய சாமானிடமும் வெயிட் கரோ.

புகைச் சோதனைக்குப் போனேன். குழாயில் கருவியை விட்டதும் கம்ப்யூட்டர் பெண் குரலில் ஏதோ சொன்னது. சோதிக்கிற பையன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான். தேறவில்லை. அங்கே வேறு வேலையாக வந்திருந்த வண்டி இன்ஸ்பெக்டர் சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தார். டிக்லிபூர் பக்கத்துப் பெங்காலிக்காரர், அதிகம் பேசாத மனிதர். பின்பக்கத் தடிக் குழாயைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "யே காடி ஹை யா டோங்கி?" இது வண்டியா டோங்கியா என்று; டோங்கி என்றால் இங்கே மீன்பிடிக்கிற சின்னப் படகு. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஏனென்றால் அவர் சொன்னது உண்மை.

"புகை சுத்தமா வந்தா போதுமில்ல, சாப்?" என்றேன் ஹிந்தியில்.

"சுத்தமா வரட்டும். அப்புறம் பார்க்கலாம்."

அந்த 'பார்க்கலாம்' என்பதை நான் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன்.

எல்லோரும் டர்போவைக் கழற்று என்றார்கள். நண்பன் சொன்னான், ஆட்டோக்காரர் சொன்னார், சிப்பிகாட்டிலிருந்து மைத்துனர் போன் போட்டுச் சொன்னார். கேட்கக் கேட்க எனக்குப் பிடிவாதம் ஏறியது. இந்தத் தீவில் நான் எதைக் கேட்டாலும், அது இங்கே ஆகாது, மெயின்லேண்டில்தான் ஆகும் என்கிறார்கள். நல்ல டாக்டர் மெயின்லேண்டில். சட்டை பட்டன் கடை மெயின்லேண்டில். இப்போது கொஞ்சம் வேகமும் மெயின்லேண்டிலா? விதி என்ன கேட்கிறது? சுத்தமான புகை. கொடுத்துவிடுகிறேன். டர்போவும் இருக்கும், புகையும் சுத்தமாக இருக்கும். முகத்துக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்துகிறேன்.

அதற்கு அந்த டப்பா திரும்ப வேண்டும். கொல்லையில் பார்த்தேன், இல்லை. மனைவியிடம் கேட்டேன். அவள் சமையலறை மூலையைக் காட்டினாள். அங்கே அவளுடைய ஜாடி இருந்தது. அவள் வீட்டு வழக்கம் அது: மீனை உப்பும் கொறுக்காய் என்கிற குடம்புளியும் வைத்து அடுக்கடுக்காக மண்ஜாடியில் போட்டு, பலகை மூடி, மேலே பாரம் வைத்து அமுக்கிவிடுவார்கள். வாரக்கணக்கில் ஊறிய பிறகு அதை எடுத்து வறுத்தால் தெரு முழுக்கச் சோறு கேட்கும். அந்தப் பலகைமேல், நன்றாகத் தேய்த்துக் கழுவி பிளாஸ்டிக் சுற்றி, என் டப்பா உட்கார்ந்திருந்தது.

"அது காருக்கு வேணும்."

"அறுத்துப் போட்டப்ப வேணாம்னுதானே போட்டீங்க?"

"இப்ப வேணும். புகைக்கு."

"ஜாடி பாதியில நிக்குது. தங்கச்சி வீட்டுக்குக் கொடுக்கப் போட்டது. பாரம் எடுத்தா மீனு மேல எழும்பிரும், கெட்டுப்போகும்."

"ஒரு கல்லு வைக்கிறேன்."

"கல்லு உருளுது. பாத்தாச்சு." கொஞ்சம் யோசித்தாள். "எடுத்துக்கங்க. இதே கனத்துல, அடி தட்டையா ஒண்ணு கொண்டாந்து வச்சிருங்க. அதுவரைக்கும் நான் தண்ணிக் குடத்த வச்சுச் சமாளிக்கிறேன்."

"நாளைக்கே" என்றேன். என் வாயிலிருந்து நாளைக்கே என்ற வார்த்தை வந்தால் அது கவுண்டர் பாஷை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கொடுத்தாள்.

டப்பாவைத் திரும்ப ஒட்டினோம். முதல்முறை எஞ்சினைச் சூடேற்றியபோது பட்டறையே கருவாடு வறுத்தது போல மணத்தது. அடுத்த கடையிலிருந்து இரண்டு பேர் என்ன சமையல் என்று கேட்டு வந்தார்கள். இங்கே கிடைக்கிற சாதாரண பெட்ரோலில் டர்போ அதிகம் அழுத்தினால் எஞ்சின் உள்ளே சுத்தியல் அடிப்பது போல் தட்டியது. எனவே பட்டறைக்காரர் அழுத்தத்தைக் குறைத்தார். புகையில் இன்னும் கறுப்பு. மேலும் குறைத்தார். கடைசியில் டர்போ இருக்கிறதா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வரும் அளவுக்குக் குறைத்த பிறகு புகை சுத்தமானது. இதற்கு அது இல்லாமலே இருக்கலாமே என்று பட்டறைக்காரர் மெதுவாகச் சொன்னார். கூடாது என்றேன். பயன் இருக்கிறதா என்பதல்ல இப்போது கேள்வி. டர்போ இருக்கிறது என்பதுதான்.

மறு சோதனையில் கருவி நல்ல வார்த்தை சொன்னது. அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வண்டி அலுவலக முற்றத்தில் போய் அகலமாக நிறுத்தினேன். இன்ஸ்பெக்டர் வந்தார். சீட்டைப் பார்த்தார். பானட்டைத் திறக்கச் சொன்னார். உள்ளே நத்தை பளபளத்தது, காலையில்தான் துடைத்திருந்தேன்.

"புகை டீக் ஹை" என்றார். "லேகின் டர்போ புக் மே நஹி ஹை." புகை சரிதான், ஆனால் வண்டியின் பதிவுப் புத்தகத்தில் டர்போ என்று ஒன்று எழுதவில்லை. கம்பெனி செய்து கொடுத்த எஞ்சின் வேறு, நிற்கிற எஞ்சின் வேறு. நான் மாட்டியதை அங்கீகரிக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

"யாருக்கு இருக்கு?"

அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரியும். மெயின்லேண்ட்.

நான் வாதாடினேன். வாசலில் கறுப்பாகக் கக்கிக்கொண்டு நின்ற லாரியைக் காட்டினேன். அந்த லாரியின் முறையும் வரும் என்றார். விதி புகைக்குத்தானே, டர்போவுக்கு என்ன குற்றம் என்றேன். விதி இரண்டுக்கும் இருக்கிறது என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை, அது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கடைசியில், இதைப் பாஸ் பண்ணாமல் முற்றத்தை விட்டுப் போகமாட்டேன் என்று சொல்லி வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்த வண்டியின் ஜன்னல் கண்ணாடி ஒரு பக்கம் இறங்காது, இன்னொரு பக்கம் பாதிதான் இறங்கும். எஞ்சின் ஓடினால் புகை. அணைத்தால் ஏசி இல்லை. போராட்டம் என்பதால் அணைத்தேன். மழை விட்ட பிறகு வருகிற வெயில். இன்ஸ்பெக்டர் சாப்பிடப் போனார். நான் வெந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியது, என் கொள்கையும் ஒரு ஓரத்தில் உருகத் தொடங்கியது. ஆனால் நான் இறங்கவில்லை, இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். அவர் திரும்பி வந்தபோது கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. பாதி இறங்கிய கண்ணாடி வழியாக நீட்டினார்.

"எனக்குப் பார்க்க வேண்டிய வண்டி இன்னும் நிறைய இருக்கு, பாய்" என்றார் ஹிந்தியில். "உன் டர்போவோட எனக்குச் சண்டை இல்ல. எஞ்சின் பே நஹி சாஹியே. பஸ்."

எஞ்சின்மேல் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். தண்ணீரைக் குடித்து முடித்தபோது அந்த வாக்கியம் எனக்குள் நன்றாக இறங்கியிருந்தது.

பட்டறைக்குப் போய் டர்போவைக் கழற்றினோம். பழைய குழாயை ஒட்டினோம். மறுநாள் அதே முற்றத்துக்குப் போனேன். எஞ்சின் கம்பெனியிலிருந்து வந்தது போலவே இருந்தது. பக்கத்து இருக்கையில், வேட்டித் துண்டு விரித்து, அதன்மேல் டர்போ. சீட் பெல்ட்டும் போட்டிருந்தேன்.

இன்ஸ்பெக்டர் பானட்டைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார். கதவுப் பக்கம் வந்து குனிந்தார். இது யார் என்றார்: "யே கௌன் ஹை?"

"சவாரி ஹை, சாப்." பயணி.

பயணியை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அவர் அதை நெடுநேரம் பார்த்தார். முகத்தில் ஏதோ ஓடியது, சிரிப்பென்று சத்தியம் செய்ய மாட்டேன். கையெழுத்துப் போட்டார்.

அந்தமான் நம்பர் பலகை மாட்டிய அன்று நான் ஜங்லிகாட் முழுவதும் சுற்றினேன், பயணியோடு. கழற்று என்றவர்கள் எல்லோரும் பார்க்கட்டும். விதிக்கும் கட்டுப்பட்டேன், வளையவும் இல்லை. இந்த வண்டி ஓடுகிறவரை அது அந்த இருக்கையில்தான் வரும் என்று ஆட்டோக்காரரிடம் அறிவித்தேன். "வாடகை கொடுக்குதா?" என்றார். பொறாமை.

ஞாயிற்றுக்கிழமை சிப்பிகாட்டுக்குக் கிளம்பினோம். மனைவி நல்ல சேலை கட்டி, பூ வைத்து வெளியே வந்தாள். நம்பர் பலகையைப் பார்த்தாள். விரலால் எழுத்தைத் தடவிக்கூடப் பார்த்தாள். பதிவுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நின்றவாக்கில் ஒரு பக்கம் விடாமல் படித்தாள். சரி என்று தலையசைத்து வந்து, தன் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கதவைத் திறந்தாள்.

இருக்கையில் பெல்ட் போட்டு டர்போ உட்கார்ந்திருந்தது. இரண்டே இருக்கை. மற்றதில் நான்.

"டிக்கியில வைக்கக் கூடாதா?" என்றாள்.

"டிக்கியில வச்சா அது சாமான் ஆயிரும்," என்றேன். "இது கொள்கை விஷயம். நீ சும்மா மடியில வச்சுக்க, கனமே இல்ல, சிப்பிகாட் வரைக்கும்தான்."

அவள் கட்டிய சேலையைக் குனிந்து பார்த்தாள். டர்போவைப் பார்த்தாள். பெல்ட்டை விடுவித்து, இரண்டு கையாலும் அதைத் தூக்கி, கனம் பார்ப்பது போல மேலும் கீழும் ஒருமுறை ஆட்டினாள். அடியைத் திருப்பி, தட்டையாக இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு திறந்த கதவு வழியாக என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்:

"கொண்டுபோய் ஜாடி மேல வச்சிட்டு வாங்க."